முன்னால் ஒரு சத்தம், முதுகில் ஒரு சத்தம்

செங்கல்பட்டில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் ஒரு ஸ்பீக்கர் மல்லாந்து கிடந்தது. எட்டு அங்குல ஸ்பீக்கர். பெட்டி கிடையாது, முன்னால் வலை கிடையாது. கறுப்புக் காகிதக் கூம்பும் அதன் பின்னால் கனமாக ஒரு காந்தமும்தான். அதிலிருந்து இரண்டு ஒயர் போய் ஒரு சின்ன சர்க்யூட் போர்டில் சேர்ந்தது. போர்டிலிருந்து இன்னொரு ஒயர் அக்கா மகளின் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் போனது. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்று கேட்டதற்கு, "பரீட்சை முடியட்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். அதுவரை சும்மா இருக்கிற பிள்ளை இல்லை அவள். பழைய ரேடியோவைக் கழற்றி ஸ்பீக்கரை எடுத்துவிட்டாள்.

மெல்லிய கம்பியை மீட்டினாள். 'டிங்' என்று வந்தது. தடித்த கம்பியை மீட்டினாள். 'ட்டிக்' என்று ஏதோ வந்தது. கம்பியின் குரலைக் காணோம்.

"ஸ்பீக்கர் கெட்டுப் போச்சா மாமா?"

"நல்லாத்தான் இருக்கு. பெட்டி இல்லை, அதான்."

"பாடுறது ஸ்பீக்கர்தானே? பெட்டிக்கு இதுல என்ன வேலை?"

நல்ல கேள்வி. ஏனென்றால் பெட்டிக்குள் ஒயரும் இல்லை, மின்சாரமும் இல்லை. வெறும் மரம், வெறும் காற்று. அது என்ன வேலை செய்துவிட முடியும்?

உங்கள் வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஏதாவது இருந்தால் ஒரு பென்சில் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் செல்லின் இரண்டு பக்கத்து ஒயரை ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டொக்' என்று கூம்பு முன்னால் குதிக்கும். ஒயரை மாற்றித் தொட்டால் பின்னால் போகும். கூம்பின் கழுத்தில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கிறது. அது காந்தத்தின் இடுக்கில் தொங்குகிறது. சுருளில் மின்சாரம் ஒரு திசையில் ஓடினால் காந்தம் அதை முன்னால் தள்ளுகிறது, திசை மாறினால் பின்னால் இழுக்கிறது. ஸ்பீக்கர் என்பது அவ்வளவுதான். கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. கூம்பும் நொடிக்கு 82 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது.

இனிதான் சிக்கல். கூம்பு முன்னால் நகரும்போது முன்னால் உள்ள காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் அதன் முதுகுப் பக்கம் இடம் காலியாகி, அங்கே காற்று இளகுகிறது. முன்னால் நெரிசல், பின்னால் காலியிடம். நெரிசலில் மாட்டிக்கொண்ட காற்று என்ன செய்யும்? பேருந்தில் பின்பக்கம் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் நாம் செய்வதைத்தான் செய்யும். ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடிவிடும். முன்னால் பிறந்த ஒலியைப் பின்னால் பிறந்த ஒலி தின்றுவிட்டது. மேசை மேல் நடந்தது இதுதான்.

அப்படியானால் மெல்லிய கம்பி மட்டும் எப்படிக் கேட்டது? ஒரு வாளித் தண்ணீரில் கையை நுழைத்து மெதுவாக ஆட்டுங்கள். தண்ணீர் விரல்களைச் சுற்றி நழுவிப் பின்னால் போய்விடும். மேலே அலையே எழாது. அதே கையைப் படபடவென்று வேகமாக ஆட்டினால்? சுற்றிப் போக நேரம் இல்லாமல் தண்ணீர் அலையாக விலகி ஓடும். காற்றும் இப்படியே. நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. அதை 82-ஆல் வகுத்தால் தடித்த கம்பியின் ஓர் அலை நாலேகால் மீட்டர் நீளம். அவ்வளவு நீளமான அலைக்கு 20 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. எறும்புப் புற்றைக் கடக்கும் யானை மாதிரி கடந்துவிடும். மெல்லிய கம்பியின் மேல்சுரங்களில் பலவற்றின் அலையோ சாண் நீளம்கூட இல்லாதது. அவற்றுக்கு அதே ஸ்பீக்கர் பெரிய மதில்.

வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். டிவி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தோம். நடுவில் வட்ட ஓட்டை போட்டு அதில் ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்தேன். தடித்த கம்பியை மீட்டினாள். வயிற்றில் தெரிந்தது சத்தம்! ஸ்பீக்கரை எடுக்கச் சொன்னாள், ஒலி செத்தது. வைக்கச் சொன்னாள், உயிர் வந்தது. எனக்குக் கை வலிக்கும் வரை இதையே செய்தாள். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. செய்து பாருங்கள்.

கம்பிச் சுருளும் காந்தமும் சேர்ந்த ஸ்பீக்கருக்கு 1898-லேயே இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவம் 1925-இல்தான் வந்தது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவரும் அதை உருவாக்கினார்கள். கூம்பை மட்டும் அவர்கள் ஆராயவில்லை. முன்பக்கத்து ஒலி பின்பக்கம் ஓடாதபடி தடுக்கும் பலகையையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். இன்று உங்கள் வீட்டு டிவிக்குள் இருப்பதும் அவர்களுடைய பேரப்பிள்ளைதான்.

தடுக்கும் பலகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. நாலேகால் மீட்டர் அலையை முழுக்கத் தடுக்க ஒரு சுவரே வேண்டும். சுவரைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போக முடியாது. என்ன செய்யலாம்? பலகையின் நான்கு ஓரங்களையும் பின்னால் மடித்துவிடலாம். மடித்தால் பெட்டி! முன்பக்கத்திலிருந்து முதுகுக்குச் செல்லும் வழி நீண்டுவிட்டது, பலகையும் கைக்கு அடக்கமாகிவிட்டது. பெட்டி என்பது மடித்து வைத்த சுவர்.

முதுகையும் மூடிவிட்டால்? அது இன்னொரு வகைப் பெட்டி. சைக்கிள் பம்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே மாட்டிய காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். மூடிய பெட்டியில் கூம்பின் முதுகில் இந்தக் காற்று ஸ்பிரிங் உட்கார்ந்துகொள்கிறது. பெட்டி சின்னதாக இருந்தால் ஸ்பிரிங் முரடாகிவிடும். கூம்பால் தாழ்ந்த சுரங்களுக்குத் தாராளமாக அசைய முடியாது. அதனால்தான் மூடிய பெட்டியைக் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். திறந்த முதுகுப் பெட்டி அவ்வளவு கண்டிப்பு காட்டாது. முதல் முறை செய்கிறவர்களுக்கு அதுதான் நல்லது.

கிட்டார் பெட்டிகளின் வரலாற்றில் இந்த இரண்டு கட்சிகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். உலகப் புகழ் பெற்ற கிட்டார்களைச் செய்த இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! அவருடைய பெட்டிகள் பெரும்பாலும் பைன் மரம், திறந்த முதுகு. மேலே பயணப்பெட்டிக்கு ஒட்டுகிற முரட்டுத் துணி. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் ஆம்ப்ளிஃபயர் செய்ய இறங்கினார். அவர் பெயர் சொல்லும் பெட்டி, பிளைவுட்டில் செய்து முதுகை மூடியது. உள்ளே நான்கு 12 அங்குல ஸ்பீக்கர். மேடையில் ராக் கலைஞர்களுக்குப் பின்னால் மதில் மாதிரி அடுக்கியிருப்பார்களே, அது.

நம் பக்கத்திலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். சாதாரண மாண்டலினில் ஒரு தடவை மீட்டினால் ஒலி சட்டென்று மங்கிவிடும். கர்நாடக இசையின் கமகத்துக்கு அது போதாது. அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். கம்பியின் சின்ன அசைவையும் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கிக் கொடுத்ததால் ஒரே மீட்டலில் நீளமாக இழைத்துக்கொண்டு போக முடிந்தது. கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் படித்தவர். கப்பலும் ஒரு பெட்டிதானே என்று நினைத்துக்கொண்டேன். சரி, நம் பெட்டிக்கு வருவோம்.

எந்த மரத்தில் செய்வது? அவள் உடனே, "பலா மரம் மாமா! வீணை அதுலதானே செய்றாங்க?" என்றாள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா மரம் என்பது உண்மை. ஆனால் வீணைக் குடத்தின் வேலை வேறு. கம்பி தனியாக அதிர்ந்தால் காற்றில் கொஞ்சம்தான் ஒலி எழும். குடமும் பலகையும் சேர்ந்து அதிர்ந்தால்தான் நமக்குக் கேட்கும். அங்கே மரம் பாட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியில் கூம்பு பாடுகிறது, மரம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டு கேட்கிற ஹோம் தியேட்டர் பெட்டிக்கு இது கறாரான சட்டம். கிட்டார் பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. அது லேசாக முணுமுணுத்தால் வாசிக்கிறவர்கள் "கதகதப்பா இருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். பைன் பெட்டிக்கும் பிளைவுட் பெட்டிக்கும் ரசிகர்கள் தனித்தனியே சண்டை போடுவது இந்த முணுமுணுப்பைப் பற்றித்தான். என்னைக் கேட்டால், அந்தச் சண்டையில் பாதி கற்பனை. ஸ்பீக்கரை மாற்றினால் தெரிகிற வித்தியாசம், மரத்தை மாற்றினால் தெரிவதைவிடப் பெரிது. அதனால் நமக்குப் பிளைவுட்டே போதும் என்று முடிவு செய்தோம்.

மரம் வாங்குவதற்கு முன் அவளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனேன். பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும். ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையைச் செதுக்கிச் செய்தவை. அடுத்த முறை போனால் கூரைகளை உற்றுப் பாருங்கள். திரௌபதி ரதம் ஓலைக் குடிசை மாதிரியே இருக்கும். பீம ரதத்தின் கூரை கூண்டு வண்டியைப் போல் வளைந்திருக்கும். கல்லுக்கு ஓலையும் தேவையில்லை, வளைத்த மூங்கிலும் தேவையில்லை. ஆனாலும் சிற்பிகள் மரக் கட்டடத்தைப் பார்த்து அப்படியே கல்லில் செய்தார்கள். மரவேலைக்காரரைத் தச்சர் என்றும் கல்வேலைக்காரரைக் கல்தச்சர் என்றும் நாம் சொல்வது சும்மா வந்த வழக்கமல்ல. அதே ஊரில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் இன்றும் கல், சுதை, உலோகத்தோடு மரச் சிற்பமும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நான் காட்ட நினைத்தது ரதங்களை அல்ல. சாலையோரச் சிற்பக் கூடங்களில் ஒன்றின் முன்னால் நின்றோம். வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு பெரியவர் கல்லைச் சுத்தியலால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். 'கணீர்' என்றால் கல் முழுசு. 'டப்' என்றால் உள்ளே எங்கோ கீறல். கல்லின் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று வகை பிரிப்பது நம் சிற்ப மரபு. விரிசல் இருந்தால் அதிர்வு அதைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததைக் காது கண்டுபிடிக்கிறது. பானை வாங்கும்போது பாட்டி தட்டிப் பார்ப்பதும், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதும் இதே வித்தைதான். ஆஸ்திரியாவில் லியோபோல்ட் அவுன்புருக்கர் என்ற மருத்துவர் நோயாளியின் மார்பைத் தட்டி, உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையை 1761-இல் ஒரு நூலாக எழுதினார். அவருடைய அப்பா சத்திரம் நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதைச் சின்ன வயதில் பார்த்திருந்தாராம். டாக்டர் இன்றும் உங்கள் முதுகில் இரண்டு விரலால் தட்டுகிறாரே, அந்தப் பீப்பாய்தான்!

மறுநாள் பிளைவுட் கடையில் அவள் செய்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு பலகையையும் விரல் மடக்கால் தட்டிக்கொண்டே போனாள். கடைக்காரர் முறைத்தார். ஒரு பலகையில் ஒரே இடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று மாறியது. "அண்ணா, இதுக்குள்ள ஓட்டை இருக்கு." அவர் சிரித்துவிட்டு வேறு பலகையை எடுத்துக் காட்டினார்.

பிளைவுட் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? ஷார்ப்னரில் பென்சிலைச் சுற்றினால் சுருள் சுருளாகத் தோல் வருமே, அதுபோல் பெரிய மரத்துண்டைச் சுழலவிட்டு நீளமான பிளேடால் தோலாக உரிக்கிறார்கள். அந்தத் தோல்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பசை தடவி அழுத்துகிறார்கள். ஒரு தோலின் நார் நெடுக்கில் போனால் அடுத்த தோலின் நார் குறுக்கில் போகும். நடுவில் ஏதாவது ஒரு தோல் குறையாக இருந்தால் அங்கே பொந்து. பெட்டி செய்தபின் அந்தப் பொந்தில் ஏதாவது ஒரு சுரத்துக்கு 'கிர்ர்' என்று இரையும். எடுக்கவே முடியாது.

நாரை ஏன் மாற்றி மாற்றி வைக்கிறார்கள்? ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்திருக்கிறதா? மரம் என்பது ஸ்ட்ராக் கட்டு மாதிரி, நீளமான குழல்களின் கட்டு. காற்றில் ஈரம் ஏறினால் குழல்களின் சுவர் உப்பும். அதனால் மரம் அகலத்தில் பருக்கும், நீளத்தில் அநேகமாக மாறவே மாறாது. கதவு அகலத்தில்தானே இறுகுகிறது! பிளைவுட்டில் ஒரு தோல் அகலத்தில் பருக்கப் பார்த்தால் பக்கத்துத் தோலின் நார் குறுக்கே நின்று பிடித்துக்கொள்கிறது. தோல்களின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படை: 5, 7, 9, 11 என்று. நடுத்தோலுக்கு இரண்டு பக்கமும் சமமாக இழுபறி இருந்தால்தான் பலகை வளையாது.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிந்து நிற்குமே, அதே குணத்தால் பலகையில் படியும் உப்பும் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடையில் '710' என்று கேளுங்கள். கப்பல், படகு வேலைக்கான மெரைன் பிளைக்கு இந்திய தர நிர்ணயத்தில் அதுதான் எண். கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும் பசை போட்டு ஒட்டியது. '303' என்பது சாதாரண வகை, விலை குறைவு. செங்கல்பட்டில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள 303 போதும். அவளோ கடற்கரைக்குக் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்ததால் 710 வாங்கினோம். ஸ்க்ரூ இரும்பில் வேண்டாம், பித்தளை. அந்தக் காலத்துக் கட்டுமரத்தில் ஒரு ஆணிகூடக் கிடையாது, கயிறு போட்டுக் கட்டியதுதான். உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று மீனவர்களுக்கு எப்போதோ தெரியும்.

வெட்டுகிற வேலையை அவளிடம் விடவில்லை. தெருக்கோடியில் இருக்கும் ஆசாரித் தாத்தாவிடம் போனோம். நீங்களும் மெஷின் வாளைத் தொடாதீர்கள். கோடு போடுவது, இழைப்பது, ஒட்டுவது உங்கள் வேலை. பெட்டியின் அளவு: அகலம் 360 மி.மீ., உயரம் 324 மி.மீ., ஆழம் 216 மி.மீ., பலகையின் கனம் 18 மி.மீ. இந்த ஆழத்தை நான் வேண்டுமென்றே எடுத்தேன். 216-ஐ 18-ஆல் வகுத்தால் சரியாக 12.

தாத்தா கேட்டார்: "மூலையை எப்படிம்மா சேக்கணும்? சும்மா வச்சு ஆணி அடிச்சிரவா, விரல் கோத்துரவா?"

இரண்டு கை விரல்களையும் கோத்துப் பிடித்துக்கொண்டு யாரையாவது பிரிக்கச் சொல்லுங்கள். சுலபமாகப் பிரிக்க முடியாது. பலகை ஓரத்தில் 18 மி.மீ. விரல், 18 மி.மீ. இடைவெளி என்று மாற்றி மாற்றி வெட்டி, அடுத்த பலகையின் இடைவெளியில் இதன் விரலைக் கோக்க வேண்டும். இதன் கணக்கு அழகானது. சும்மா ஒட்டினால் பசை பிடிக்கும் பரப்பு 216 × 18 = 3,888 சதுர மி.மீ. விரல் கோத்தால் அந்தப் பரப்பு அப்படியே இருக்கும். அதோடு 12 விரல்களுக்கு நடுவே 11 பக்கச் சுவர்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் 18 × 18 = 324. பதினொன்றுக்கு 3,564. ஏறத்தாழ இரண்டு மடங்கு! இன்னொரு லாபமும் உண்டு. ஸ்ட்ராக் கட்டின் வாய்ப்பக்கம் பசை தடவினால் குழல்கள் உறிஞ்சிவிடும், பிடிப்பு குறைந்துவிடும். பக்கவாட்டில் தடவினால்தான் நன்றாகப் பிடிக்கும். புதிதாகக் கிடைத்த சுவர்களில் அப்படிப் பக்கவாட்டில் ஒட்டும் இடம் நிறைய. (பிளைவுட்டில் நார் மாறி மாறி ஓடுவதால் பாதி தோலுக்குத்தான் இந்த லாபம் கிடைக்கும். முழு மரத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.)

பசை தடவி, கொட்டாப்புளியால் தட்டிக் கோத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினோம். காய்வதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பெட்டி சரியான செவ்வகமா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? அவள் மூலைமட்டத்தைத் தேடினாள். தாத்தா ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு. இரண்டும் ஒரே நீளம் என்றால் பெட்டி நேர். நான்கு பக்கமும் சரியாக இருந்தும் பெட்டி சாய்ந்தால் ஒரு குறுக்கு நீளும், மற்றது குறுகும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற பாடம்தான். "இது பரீட்சைக்கு வருமா?" என்று அவளுடைய அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

முன்பலகையில் ஸ்பீக்கருக்கு வட்டம். நடுவில் ஆணி, நூல், பென்சில். காம்பஸ் பெட்டி வேண்டாம். ஸ்பீக்கர் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை வையுங்கள். இல்லாவிட்டால் காற்று அந்த இடுக்கில் புகுந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும். எந்த நோய்க்கு மருந்து செய்கிறோமோ அதே நோய் திரும்பி வரும். நான்கு போல்ட்டையும் வரிசையாக முடுக்காதீர்கள். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு, உள்ளே மயிரிழை இடைவெளியில் தொங்கும் சுருள் காந்தத்தில் உரசத் தொடங்கிவிடும்.

முன்னால் போடும் துணிக்கு ஒரு சுலபமான பரீட்சை: வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போனால் ஒலியும் போகும். ரவிக்கைத் துணி தோற்றது, அப்பாவின் சட்டைத் துணி தோற்றது. அரிசி வந்த சணல் சாக்கு ஜெயித்தது! துவைத்து, காயவைத்து, இழுத்துப் பிடித்து ஆணியடித்தோம். முரட்டுத் துணியில் ஃபெண்டர் பெட்டியின் ஜாடை கொஞ்சம் இருந்தது என்று நான் சொன்னேன். அக்காவுக்கு ரேஷன் கடை ஞாபகம்தான் வந்ததாம். பலகையின் வெட்டு ஓரங்களுக்கு வார்னிஷ் மூன்று முறை. குழல் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன, மரம் ஈரத்தை முதலில் அங்கேதான் குடிக்கும்.

உள்ளே வைத்த ஆம்ப்ளிஃபயர் எல்.எம்.386 என்ற எட்டுக் கால் சில்லு. 9 வோல்ட் பேட்டரி போதும். ஏறத்தாழ அரை வாட் தரும். இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் எங்காவது கிடைத்தால் அதைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், தொட்டால் உயிருக்கு ஆபத்து. வீட்டுப் பிளக்கில் சொருகுகிற எதையும் தனியாகத் திறக்கக் கூடாது. பேட்டரியோடு விளையாடுங்கள்.

முதல் மீட்டல். தடித்த கம்பி கனமாக, முழுசாக வந்தது. அடுத்து அதே கம்பியில், கிட்டார் கழுத்தின் ஐந்தாம் கட்டையில் விரல் வைத்தாள். 'கிர்ர்ர்' என்று எங்கோ இரைந்தது. எனக்குப் பகீர் என்றது, பொந்துள்ள பலகையா? அந்த ஒரே சுரத்தை அவள் திரும்பத் திரும்ப வாசிக்க, நான் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் அழுத்திப் பார்த்தேன். போல்ட்டை முடுக்கினேன். சாக்கை இழுத்தேன். இரைச்சல் நிற்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது அக்காதான். பக்கத்து அறை அலமாரிக் கண்ணாடி! ஐந்தாம் கட்டையில் அந்தக் கம்பி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. கண்ணாடியும் தன் சட்டத்தில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஆட வாகாகத் தளர்ந்திருந்தது. ஊஞ்சலை அது ஆடும் தாளத்துக்கே தள்ளினால் சின்னத் தள்ளலும் பெரிய ஆட்டமாகுமே, அப்படி. ஒரு துண்டு அட்டையை மடித்துச் செருகினோம். அடங்கியது.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மணலில் வைத்து அவள் மீட்டினாள். முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் அறையை நிறைத்த ஒலி இங்கே கொசு முனகல் மாதிரி இருந்தது. வீட்டில் நான்கு சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அவள் காதுக்கே கொண்டுவந்து கொடுத்தன. திறந்த முதுகிலிருந்து போகும் ஒலிகூடச் சுவரில் மோதித் திரும்பியது. கடற்கரையில் போன ஒலி போனதுதான், அதற்கு மேல் அலையின் இரைச்சல் வேறு. பக்கத்தில் கோவளத்தில் 2013-இல் அலைச்சறுக்கோடு சேர்த்து இசை விழாவும் தொடங்கினார்கள். அங்கே மேடையில் ஆளுயரத்துக்கு ஏன் பெட்டிகளை அடுக்குகிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

கரையில் இழுத்துப் போட்ட ஃபைபர் படகு ஒன்று பக்கவாட்டில் நின்றிருந்தது. நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியைத் தூக்கி, அதன் முதுகு படகைப் பார்த்தபடி ஓரடி தள்ளி வைத்தாள். மீட்டினாள். ஒலி கொஞ்சம் கனத்தது. இன்னும் அரையடி பின்னால் தள்ளினாள். மாறியது. நகர்த்துவதும் மீட்டுவதும் காதைச் சாய்த்துக் கேட்பதுமாக இருந்தாள்.

"பாப்பா," என்றார் அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல், "முன்ன வச்சியே, அந்த எடம்தான் நல்லா இருந்துச்சு."